பின்சக்கரத்து இணை

மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் மலைச்சாலை ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளமுடையது. பனிக்காலத்தில் மூடப்படும் அச்சாலை கோடையில் திறந்தவுடன் புல்லட் வண்டிகள் சாரிசாரியாக மலையேறுகின்றன. 1955இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனமே இவ்வண்டியை நம் நாட்டில் உருவாக்கியது.

மணாலிப் பட்டறை ஒன்றுக்கு, தந்தையார் ஓட்டிய பழைய புல்லட்டை ஓர் இளைஞர் கொண்டுவந்தார். மறுநாள் விடியலில் பயணம். முதிய மெக்கானிக் இருக்கையின் பின்புறத்தை அழுத்திவிட்டார். ஒருமுறை எழுந்து அடங்கவேண்டிய வண்டி மூன்று நான்கு முறை துள்ளியது. இடப்பக்க ஷாக் அப்சார்பரின் தண்டில் எண்ணெய் கசிந்து புழுதியோடு படிந்திருந்தது.

சுருள்வில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வாங்கியதை உடனே திருப்பியும் தந்துவிடும். அத்துள்ளலை அடக்குவது உள்ளிருக்கும் எண்ணெயே. நுண்துளைகளின் வழியே அது நெருங்கிப் புகும்போது துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. எண்ணெய் குறைந்தால் சக்கரம் கற்களின்மேல் தாவும். தாவும் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு ஏது? 1980இல் வந்த ஹோண்டா கோல்டு விங் வண்டியில் வில்லுக்குத் துணையாகக் காற்றையும் அடைத்தனர். சுமைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆயினும் அக்காற்றைக் காப்பதும் ஒரு ரப்பர் வளையமே.

"கசிவது ஒன்றுதானே, ஐயா! வளையத்தை மாற்றி எண்ணெய் ஊற்றிவிடுங்கள்."

"தண்டை நகத்தால் தடவிப் பார், தம்பி."

கீறல் தட்டுப்பட்டது. கீறல் விழுந்த தண்டு புதிய வளையத்தையும் விரைவில் அறுத்துவிடும்.

"அப்படியானால் அதை மட்டும் புதிதாக மாற்றுங்கள்."

"ஒருபக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் இரண்டும் ஒத்து இயங்கா. மாற்றினால் இரண்டையும் மாற்றவேண்டும்."

வேறு பட்டறைக்குப் போவதாக இளைஞர் சினந்தார். முதியவர் தடுக்கவில்லை. "போய் வா. ஆனால் பாரலாச்சா கணவாய் 4,800 மீட்டருக்கும் மேலான உயரம். அங்கே வண்டி சாய்ந்தால் தூக்கிவிடவும் ஆளிராது" என்று மட்டும் கூறினார். இளைஞர் போகவில்லை.

புதிய இணை தில்லியின் கரோல் பாக் சந்தையிலிருந்து பேருந்தில் வரவேண்டியிருந்தது. நண்பர்கள் மறுநாளே புறப்பட்டுவிட்டனர். அவர்களின் வண்டியோசை தேய்ந்து மறையும்வரை இளைஞர் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. பழையவற்றைக் கழற்றிய முதியவர், கசியாத வலப்பக்கத்து வில்லையும் நீக்கி, அதை இளைஞரின் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். தண்டு எத்தடையுமின்றி உள்ளே சென்றது.