பெட்டி வரும்வரை

காத்திருப்பதும் ஒரு கலை என்று நம் வீட்டுப் பெண்களுக்கு எவரும் பாடம் நடத்தியதில்லை. கடல் கடந்து பொருளீட்டச் சென்ற ஆண்களை எண்ணி, நாட்காட்டித் தாள்களைக் கிழித்தபடியே அவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். ரங்கூனுக்குப் போன கணவருக்காக என் நன்னி காத்திருந்தார். தம்மாமுக்குப் போன என் அத்தாவுக்காக என் அம்மா காத்திருந்தார். துபாயில் இருக்கும் கணவருக்காக என் மகள் காத்திருக்கிறாள். கப்பல் போய் விமானம் வந்தது. கடிதம் போய்க் கைப்பேசி வந்தது. காத்திருப்பு மட்டும் வந்த வழியே தொடர்கிறது.

இந்தப் பரம்பரைச் சொத்தில் 2025ஆம் ஆண்டு என் பேரனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அவன் காத்திருந்தது அத்தாவுக்காகவா, அத்தா கொண்டுவருவதாகச் சொன்ன பெட்டிக்காகவா என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. விளங்கிய கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன்.

பெட்டி என்பது விளையாட்டுப் பெட்டி. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச்சில் வெளியிட்ட ‘ஸ்விட்ச்’ என்னும் வீடியோ கேம் பொறி எங்கள் வீட்டில் முன்பே உண்டு. கையில் பிடித்தும் ஆடலாம். தொலைக்காட்சியோடு இணைத்தும் ஆடலாம். உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற பொறி அது. என் மருமகன் முந்தைய விடுப்பில் வந்தபோது அதை வாங்கிவந்து, மகனுக்கு ஆடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். 2025 ஜனவரி 16 அன்று அதன் அடுத்த தலைமுறையாகிய ‘ஸ்விட்ச் 2’ வரப்போகிறது என்று அறிவித்தார்கள். ஏப்ரல் 2 அன்று விவரங்கள் வந்தன. ஜூன் 5 விற்பனை நாள் என்றார்கள். பேரன் நாட்காட்டியைப் பார்த்துத் துள்ளிக் குதித்தான். ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7. பெருநாளைக்கு அத்தா வருவார், பெட்டியும் வரும் என்று தொலைபேசியில் வாக்கும் பெற்றுவிட்டான்.

மே மாதக் கடைசியில் விடுப்பு இல்லை என்று செய்தி வந்தது. உடன் வேலை பார்த்தவர் ஒருவர் விலகிப் போனதால் ஆள் பற்றாக்குறையாம். “இன்ஷா அல்லாஹ், டிசம்பரில்” என்றார் மருமகன். பத்து வயதுப் பிள்ளைக்கு ஜூனிலிருந்து டிசம்பர் எவ்வளவு தொலைவு! கைப்பேசியைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனவன், வாசலில் குர்பானி ஆடு வந்து கட்டப்பட்ட பின்னும் இறங்கி வரவில்லை.

மறுநாள் என்னிடம் வந்து, “அதுவரைக்கும் நான் என்ன செய்யிறது நன்னா?” என்று கேட்டான்.

“இருப்பதை வைத்து விளையாடு” என்றேன். சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொன்னவர்கள் எவரும் என் சிறுவயதில் என்னோடு அமர்ந்து விளையாடியதில்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது. ஆகவே நானும் உட்கார்ந்தேன். அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம். மஃரிப் பாங்கு கேட்டால் பொறி மூடப்படும். அதுவே எங்களுக்குள் ஒப்பந்தம்.

முதல் நாள் ஆடியது அவன் பொறியில் அன்று. என் அத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்து, புத்தகம்போல் மடியும் ஆரஞ்சு நிறக் கருவி ஒன்றை எடுத்தேன். அதுவும் நிண்டெண்டோ செய்ததுதான்; 1982இல் வெளிவந்த ‘டாங்கி காங்’. கடிகாரக் கடையில் இரண்டு பொத்தான் பேட்டரிகள் வாங்கிப் போட்டதும், நாற்பது ஆண்டு உறக்கத்திலிருந்து கண் விழித்துப் ‘பீப்’ என்றது. இரண்டு சிறு திரைகள். மேலே ஒரு குரங்கு பீப்பாய்களை உருட்டிவிடும். கீழே ஒரு சிறிய மனிதன் ஏணியேறித் தாவித் தப்பிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். பேரன் அரைமணி நேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

“இதை உங்களுக்கு யாரு வாங்கித் தந்தது?” என்று கேட்டான்.

“என் அத்தா” என்றேன். மேற்கொண்டு சொல்ல அன்று மனம் வரவில்லை.

அதற்குப் பதிலாக அக்கருவி பிறந்த கதையைச் சொன்னேன். கியோத்தோ நகரில் 1889இல் பூப்படம் போட்ட விளையாட்டுச் சீட்டுகள் செய்வதற்காகத் தோன்றிய நிறுவனம் நிண்டெண்டோ. அங்கே இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் 1965இல் சேர்ந்தவர் கும்பெய் யோகோய். ஒருநாள் அவர் அதிவேக ரயிலில் போய்க்கொண்டிருந்தார். எதிரே ஓர் அலுவலர், ஊர் வந்து சேரும்வரை பொழுது போகாமல், கையிலிருந்த கணக்குப் பொறியின் பொத்தான்களை வெறுமனே தட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் சலிப்பைக் கண்ட கண்தான் 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்னும் கையடக்க விளையாட்டுகளைப் படைத்தது. கணக்குப் பொறி நிறுவனங்களின் போட்டியால் அதன் திரையும் சில்லும் மலிவாகியிருந்தன. நன்கு பழகி, விலை குறைந்துபோன பொருளைப் புதிய வழியில் பயன்படுத்துவதே யோகோயின் கொள்கை. அந்த வரிசைக் கருவிகள் 4 கோடியே 34 லட்சம் விற்றன. சிலுவைக்குறி போன்ற திசைப் பொத்தானை அவர் முதன்முதலில் வைத்தது நான் சொன்ன இதே டாங்கி காங் கருவியில்தான். 1989இல் அவர் குழுவினர் செய்த ‘கேம் பாய்’ பொறிக்கு வண்ணத் திரைகூடக் கிடையாது. வண்ணத்தோடு வந்த போட்டிப் பொறிகள் மின்கலங்களை விழுங்கித் தீர்த்தபோது, இது நான்கு சிறு மின்கலங்களில் பல மணி நேரம் ஓடி அவற்றை வென்றது.

ஆக, காத்திருந்த ஒரு மனிதரின் கைகளைப் பார்த்துப் பிறந்தவை இந்தப் பொறிகள். காத்திருக்கும் பிள்ளையின் கைகளில் அவை இருப்பது பொருத்தந்தான்.

அடுத்து ‘டெட்ரிஸ்’. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற கணினி அறிஞர் உருவாக்கியது. நான்கு கட்டங்கள் சேர்ந்த ஏழு வகை உருவங்கள் மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பி இடைவெளியின்றி அடுக்க வேண்டும். இதில் என் மனைவியை எங்களால் வெல்ல முடியவில்லை. இரண்டு கந்தூரிச் சட்டிகளையும் நாற்பது தட்டுகளையும் ஓர் அலமாரியில் அடக்கிப் பழகிய கைகளுக்கு ஏழு உருவங்கள் எம்மாத்திரம்!

மழைக்காலம் தொடங்கியபோது ‘அனிமல் கிராசிங்’ என்ற ஆட்டத்துக்கு வந்தோம். 2020 மார்ச்சில், கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் அடைபட்ட நாளில் வெளிவந்து கோடிக்கணக்கானோரின் பொழுதைத் தாங்கிய ஆட்டம் அது. அதில் வென்று முடிக்க ஒன்றுமில்லை. ஒரு தீவு, அதில் ஒரு குடில், சுற்றிலும் பேசும் விலங்குகள். நம் கடிகாரமே அதற்கும் கடிகாரம். நம் ஊரில் இரவென்றால் அங்கும் இரவு. பத்து மணிக்குக் கடை அடைத்துவிடுவார்கள். பழம் பறித்த மரம் மீண்டும் பழுக்க மூன்று நாளாகும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு நாள் முன்னதாகப் பழுக்காது. பொறுமையைப் பற்றி நான் ஒரு மாதம் பேசியிருந்தாலும் அந்த மரம் சொன்ன அளவுக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

அத்தீவில் வீடு கட்டக் கடன் கொடுக்கும் வணிகன் ஒருவன் உண்டு. வட்டி கிடையாது, கெடுவும் கிடையாது. “இவன் நல்ல முதலாளி நன்னா” என்றான் பேரன். ஆனால் மாதம் பிறந்ததும் அவன் சேமிப்புக்கு வங்கியிலிருந்து வட்டி வந்து விழுந்தது. 2020 ஏப்ரலில் அந்த விளையாட்டு வங்கி வட்டி வீதத்தைக் குறைத்தபோது நிஜச் செய்தித்தாள்களே அதை எழுதின. “இந்த வட்டியை எடுக்கலாமா?” என்று அவன் கவலையோடு கேட்டான். பொம்மைக் காசுக்கும் அப்படிக் கேட்கத் தோன்றிய பிள்ளையை அணைத்துக்கொண்டேன்.

நெடுநாள் ஆடியது ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’. ஸ்விட்ச் பொறி பிறந்த அன்றே உடன் வந்த ஆட்டம். லிங்க் என்ற வீரன் நூறாண்டு உறக்கத்திலிருந்து ஒரு குகைக்குள் விழிக்கிறான். “கஹ்ஃபு வாசிகள் மாதிரியா நன்னா?” என்றான், மதரசாவில் அவ்வரலாற்றைக் கேட்டிருந்த பேரன். “அவர்களின் உறக்கம் வல்ல இறைவனின் அத்தாட்சி, இது மனிதன் கட்டிய கதை” என்று வேறுபடுத்திச் சொன்னேன். அந்த நூறாண்டும் செல்டா என்ற இளவரசி கோட்டைக்குள் தீய சக்தியைத் தனியே தடுத்து நிறுத்தியபடி, அவன் வரவை எதிர்பார்த்திருக்கிறாள். வீரனோ மலையேறலாம், காளான் பறித்துச் சமைக்கலாம், குதிரை பழக்கலாம். எங்கேனும் தீ மூட்டி அதனருகே அமர்ந்தால் காலை, நண்பகல், இரவு என்று விரும்பிய பொழுதுவரை காலத்தைக் கடத்தலாம்.

“நமக்கும் அப்படி ஒரு தீ இருந்தா டிசம்பர்வரைக்கும் கடத்திடலாம்” என்றான் பேரன்.

அந்தப் பொறியில் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே ஆட்டம் பதிந்திருக்கும். விட்ட இடத்தை அது மறக்காது. ஒருநாள் அவன் தன் பெயரைத் தொடுவதற்கு மாறாகத் தன் அத்தாவின் பெயரைத் தொட்டுவிட்டான். அவர் கடைசியாக ஆடிய இடத்தின் சிறு படம் தெரிந்தது: ஒரு லாயம், அதன் முன்னே அடுப்புத் தீ. சற்று நேரம் பார்த்தான். பின், ஒன்றும் பேசாமல் மூடிவிட்டுத் தன் ஆட்டத்துக்குப் போனான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜப்பானில் அந்தப் புதிய பொறியை நிறுவனத்தின் சொந்த இணையக் கடையில் வாங்கக் குலுக்கல் நடத்தினார்கள். 22 லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய ஸ்விட்ச் பொறியில் 50 மணி நேரமாவது ஆடியிருக்க வேண்டும். இணையச் சந்தாவில் மொத்தம் ஓராண்டாவது இருந்திருக்க வேண்டும். பதுக்கி விற்பவர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. இருப்பதைப் பேணியவனுக்கே வரப்போவதில் முதலுரிமை என்பது எவ்வளவு நல்ல நீதி! அஸ்ர் அத்தியாயம் காலத்தின் மீது சத்தியத்தோடு தொடங்கிப் பொறுமையில் முடிவதை அன்றைய தொழுகையில் நினைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் இடையே மனிதன் செய்வதற்கு வேலை இருக்கிறது.

நவம்பரில் ஒரு மாலை, அந்த ஆரஞ்சு நிறக் கருவியின் மீதிக் கதையைப் பேரனிடம் சொன்னேன்.

1983இல் எனக்குப் பதினொரு வயது. ‘விளையாட்டுக் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்’ என்று அத்தா கடிதம் எழுதியிருந்தார். மூன்றாண்டுக்குப் பின் ஊர் வந்தார். இரவில் வாடகைக் கார் வாசலில் நின்றதும் தெருவே கூடிவிட்டது. காரின் மேலே கட்டியிருந்த பெட்டிகளை நோக்கி நான் ஓடினேன். கயிற்றை அவிழ்ப்பவரிடம், “எது என்னுது? எது என்னுது?” என்று கத்தினேன். அன்றிரவு எனக்கு நினைவிருப்பதெல்லாம் அந்தக் கருவியின் ஒலி ஒன்றுதான்.

2009இல் அத்தா வஃபாத்தான பின், அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். காரைவிட்டு இறங்கிய அத்தா முதலில் என்னை நோக்கித்தான் இரண்டு கைகளையும் நீட்டினாராம். நான் அவரைக் கடந்து ஓடிவிட்டேன். “புள்ளைக்குப் பெட்டியத் தெரியுது, என்னையத் தெரியல” என்று சிரித்தாராம். “சிரிச்சாங்கதான்” என்று சொல்லி அம்மா நிறுத்திக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாதபோது வந்து சேரும் செய்திகள் கொடியவை. ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காகக் கையேந்துகிறேன். அந்த நீட்டிய கைகள்தாம் என் கண்முன் வருகின்றன.

பேரன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் கடைசி வாரத்தில் திருச்சி விமான நிலையத்துக்குப் போனோம். கண்ணாடிக் கதவு திறந்தது. தள்ளுவண்டியில் பெட்டிகளோடு மருமகன் வந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, கடைப் பையோடு, அந்தப் பெட்டியும் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. பேரன் ஓடினான். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், “அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா” என்று அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். பிறகு முகத்தை நிமிர்த்திச் சொன்னான்:

“நீங்க விட்ட இடத்திலேயே நிக்கிறீங்க அத்தா. நான் தொடவே இல்லை.”

மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் கதைதான் அவனை அப்படிச் செய்ய வைத்தது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது; அந்தச் சிறு படத்தை அவன் என் கதைக்கு வெகுநாள் முன்பே பார்த்து மூடியிருந்தான்.

பெட்டியை மறுநாள் சுபுஹு தொழுகைக்குப் பின்தான் பிரித்தார்கள். பழைய பொறியில் இருந்த பதிவுகளையெல்லாம் புதியதற்கு மாற்றினார்கள். லாயத்து முன்னே எரிந்துகொண்டிருந்த தீயின் அருகிலிருந்து லிங்க் எழுந்து நடந்தான். தந்தை ஆட, மகன் வழி சொன்னான். என் மகள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விடுப்பு முப்பது நாள். ஜனவரியில் மருமகன் திரும்பிப் போனார். அவர் பெயரில் உள்ள ஆட்டம் இப்போது பனி மூடிய ஒரு மலையுச்சியில் நிற்கிறது. எங்கள் வீட்டில் அதை எவரும் தொடுவதில்லை.