முப்பது கஜத்துக்கு எத்தனை டாலர்?

வில்வேட்டைக்கென்று விற்கிற, தொலைவு அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் பெட்டியைக் கையில் எடுத்தால், மற்ற எழுத்தையெல்லாம் அமுக்கிக்கொண்டு ஒரு பெரிய எண் நிற்கும். 800 கஜம், 1200 கஜம், 2000 கஜம். அந்த எண் ஏற ஏற விலையும் ஏறும். துப்பாக்கிக்காரருக்கு அதனால் பயன் உண்டு. வில்லுக்கு இல்லை. நான் மான்மீது அம்பு விடுவது பெரும்பாலும் 30 கஜத்துக்குள். 40க்கு அப்பால் நிற்கிற மானைப் பார்த்து ரசிப்பதோடு சரி. ஆகவே, புதிதாக வில் எடுத்த தம்பிகள் "அண்ணே, நூற்றைம்பது டாலருக்கு உருப்படியா ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டால், கிடைக்கும் என்றுதான் சொல்வேன். எதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் வேட்டைக்குப் போவது விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில், டிரிஃப்ட்லெஸ் என்று சொல்லப்படும் பகுதிக்கு. பனியுகத்தில் சுற்றுவட்டாரத்தையெல்லாம் தேய்த்துச் சமமாக்கிய பனிப்பாறைகள் இந்த நிலத்தை மட்டும் தொடவில்லை. அதனால் செங்குத்தான சரிவும் ஒடுங்கிய பள்ளத்தாக்கும் ஓக் காடுமாகக் கிடக்கிறது. வில்லுக்கென்றே தனியாக ஒரு மான்வேட்டைப் பருவம் 1934இல் தொடங்கியதும் இந்தப் பக்கத்து சாக், கொலம்பியா மாவட்டங்களில்தான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் விசித்திரமாகத் தோன்றும். இங்கே வெள்ளைவால் மான் வேட்டை, உரிமச் சீட்டும் பருவமும் விதியும் உள்ள வழக்கம். வில்லின் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரித் தொடக்கம் வரை போகும். தரையிலிருந்து இருபதடி உயரத்தில், மரத்தோடு கட்டிய பரணில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் வேலையில் பெரும்பங்கு.

அம்புக்குத் தொலைவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அது விழுந்துகொண்டே போகிறது. சராசரி காம்பவுண்ட் வில்லிலிருந்து கிளம்பும் வேட்டை அம்பு நொடிக்கு 260 அடி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லின் குறிகாட்டியில் 30 கஜத்துக்கென்று உள்ள பின்னை வைத்துக் குறிபார்த்து, மான் உண்மையில் 35 கஜத்தில் நின்றிருந்தால், அம்பு நினைத்த இடத்துக்குக் கீழே நாலரை அங்குலம் இறங்கிவிடும். மானின் நெஞ்சுக்கூட்டில் நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம் சுமாராக எட்டு அங்குல வட்டம். நடுவில் குறிவைத்தவருக்கு விளிம்புவரை நாலு அங்குலம்தான் இருக்கிறது. ஐந்து கஜம் தப்பாக மதிப்பிட்டால் மான் சாகாமல் காயத்தோடு ஓடும். பெட்டியில் போட்ட 1200 கஜத்தை நான் பொருட்படுத்தாததும் இந்த ஐந்து கஜத்துக்காக மெனக்கெடுவதும் இதனால்தான். தொலைவு கூடக் கூட இந்தப் பிழையும் கூடும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 கஜம் என்று எண்ணியது 25ஆக இருந்தால் இறக்கம் மூன்றங்குலச் சொச்சம், தப்பித்துக்கொள்ளலாம்.

கருவி செய்கிற வேலை எளிது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை எண்ணுகிறது. 30 கஜம் போய்த் திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம், ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய 183 பங்கு. ஒரு கஜம் கூடினால் ஆறு பங்கு கூடும். இதை எண்ணுகிற மின்சுற்று இன்று மலிவாகிவிட்டது. 1990களில் சாதாரண வேட்டைக்காரர் கைக்கு லேசர் கருவிகள் வரத் தொடங்கியபோது அவை கனமும் விலையுமாக இருந்தன. இன்று மலிவான கருவியும் 30 கஜத்தை ஒரு கஜம் முன்னே பின்னே சரியாகவே சொல்லிவிடும். பெட்டியின் பெரிய எண்ணோ, பளபளக்கும் பரப்பில் பட்டுத் திரும்பினால் கிடைக்கும் தொலைவு. சின்ன எழுத்தில் மரத்துக்கு ஒன்று, மானுக்கு ஒன்று என்று அதைவிடக் குறைவான எண்கள் இருக்கும். மான் தோல் ஒளியைச் சரியாகத் திருப்பாது. மானுக்கென்று போட்டிருக்கும் எண் 200 ஆக இருந்தாலே நமக்குத் தாராளம்.

காசு கொடுக்க வேண்டிய இடம் திரை. மான் நடமாட்டம் விடியலிலும் அந்தியிலும்தான். பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்புவரை எய்யச் சட்டம் அனுமதிக்கிறது. ஓக் மர நிழலில் அந்தக் கடைசி அரைமணி நேரத்தின் வெளிச்சத்தைக் கடை விளக்கின் கீழே நின்று கற்பனை செய்ய முடியாது. விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலும் கறுப்பு எண் காட்டும் எல்சிடி திரை. மதியம் கச்சிதமாகத் தெரிகிற அந்த எண், பழுப்பு நிற மானின் மீது, பழுப்பு நிறச் சருகின் மீது, அந்தியில் கரைந்துபோகும். பொத்தானை அழுத்துவோம். உள்ளே ஏதோ வந்திருக்கும். அது 23ஆ 28ஆ என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பதற்குள் மான் நடந்துவிடும். சிவப்பில் ஒளிரும் எண் காட்டும் திரை கொஞ்சம் விலை கூடும். மற்ற எல்லாவற்றிலும் மலிவானதை எடுத்து, இதில் மட்டும் ஒரு படி மேலே போகலாம் என்பது என் கட்சி. ஒன்று மட்டும் பார்க்கவேண்டும்: ஒளியின் அளவைக் குறைக்க வழி இருக்கிறதா என்று. சில கருவிகளில் சிவப்பு எண், இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூசவைத்து மானையே மறைத்துவிடும்.

வாங்கியதும் மாலை மயங்கும் வேளையில் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கலாம் என்கிற கடையில் வாங்குவது இதற்காகத்தான். அளவு நாடாவைப் பிடித்து 10, 20, 30, 40 கஜத்தில் குச்சி நட்டு ஒவ்வொன்றையும் அளந்து பார்க்கவேண்டும். பிறகு இன்னொரு சோதனை. பின்னால் வெகுதூரம் வெட்டவெளியாக இருக்கும் ஒற்றைக் கம்பம் ஒன்றைத் தேடி, கருவியின் நடுக்குறியை இடமிருந்து வலமாகவும், கம்பத்தின் உச்சியில் மேலிருந்து கீழாகவும் மெல்ல நகர்த்திக்கொண்டே அளக்கவேண்டும். குறி கம்பத்தின்மேல் இருக்கும்போதே கம்பத்தின் தொலைவு வந்தால் நல்லது. குறி கம்பத்தைவிட்டு விலகிய பிறகும் கம்பமே காட்டினால், லேசர் போகிற திசையும் நாம் பார்க்கிற குறியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மலிவுக் கருவிகளில் நான் அதிகம் கண்ட குறை இதுதான். வெட்டவெளியில் பாதகமில்லை. இரண்டு மரங்களின் இடுக்கில் நிற்கும் மானை அளக்கும்போது மரத்தின் தொலைவு வந்து நிற்கும்.

இடுக்கு என்றதும் புதர் நினைவுக்கு வருகிறது. கால்ஃப் ஆட்டத்துக்கான ரேஞ்ச்ஃபைண்டர் பல நேரம் விலை குறைவாகக் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. அது கொடிக்கம்பத்தைப் பிடிப்பதற்கானது. பின்னால் இருக்கும் மரங்களை விட்டுவிட்டு முன்னால் இருப்பதற்கு முதலிடம் கொடுக்கும். காட்டில் நமக்குத் தேவை நேர்மாறு. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுள்ளியை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் நிற்பதைச் சொல்லவேண்டும். புஷ்னெல் கருவிகளில் இதற்கு 'பிரஷ்' என்றே ஒரு முறை உண்டு. மற்ற நிறுவனங்கள் வேறு பெயர் வைத்திருக்கும். மூடுபனி நாளிலும் இது கொஞ்சம் கைகொடுக்கும், ஏனென்றால் பனித்துளிகளில் பட்டே ஒளி திரும்பிவிடுவதுண்டு. உருப்பெருக்கம் நாலு, ஐந்து மடங்கு போதும். கூடக் கூடப் பார்வை வட்டம் சுருங்கும், பக்கத்தில் வந்த மானைத் தேடவேண்டியிருக்கும்.

அடுத்து, விற்பனையாளர் விடாமல் பேசும் சமாசாரம்: சரிவுத் திருத்தம். புஷ்னெல் இதை ஏஆர்சி என்கிறது, லியூபோல்ட் டிபிஆர் என்கிறது, வோர்டெக்ஸ் எச்சிடி என்கிறது. அம்பு எவ்வளவு விழும் என்பதைக் கிடைமட்டத் தொலைவுதான் ஏறத்தாழ முடிவு செய்கிறது, சாய்வாகப் பார்க்கும் தொலைவு அல்ல. கருவிக்குள் ஒரு சாய்வுமானி இருந்து, கோணத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுத் தரும். பரணில் உட்காருகிறவருக்கு இது இல்லாமல் முடியாது என்று சொல்லி விற்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் போதும், சரிபார்த்துவிடலாம். இருபதடி உயரப் பரணிலிருந்து, மரத்தடியிலிருந்து 20 கஜத்தில் நிற்கும் மானுக்குச் சாய்வுத் தொலைவு 21 கஜம். ஒரே ஒரு கஜம்! பத்து கஜத்தில் நிற்கும் மானுக்கு 12. அதற்கும் 20 கஜப் பின்னைத்தான் பயன்படுத்தப் போகிறோம். சமதரையில் வேட்டையாடுகிறவர் இந்த வசதிக்காக ஐம்பது டாலர் கூடக் கொடுக்கத் தேவையில்லை. எங்கள் சரிவுகளில் கதை வேறு. மேட்டு விளிம்பில் பரண் கட்டி, முப்பது பாகை சரிவில் கீழே பார்க்கும்போது, 40 காட்டும் மான் வில்லுக்கு 35தான். நாற்பதுக்கான பின்னை வைத்தால் அம்பு குறிவைத்த இடத்துக்கு மேலே போகும். ஆக, அந்த வசதி வேண்டுமா என்பதைக் கட்டுரையோ கடைக்காரரோ சொல்ல முடியாது, உங்கள் நிலம்தான் சொல்லும்.

சில்லறை விஷயங்கள் சில. உறையில் வெல்க்ரோ வேண்டாம், நவம்பர் காலையின் அமைதியில் அதைப் பிய்க்கும் சத்தத்துக்கு மான் அடுத்த மாவட்டம் போய்விடும். பொத்தானின் 'டிக்' சத்தத்தையும் காதருகே வைத்துக் கேளுங்கள். கையுறை போட்ட ஒற்றைக் கையால் இயக்க முடிய வேண்டும். மற்றக் கையில் வில் இருக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கஜம் மீட்டராக மாறும் கருவிகள் உண்டு, பைக்குள் தானாகவே மாறியிருக்கும். 27 என்று காட்டுவது 27 மீட்டர் என்றால் அது 30 கஜம்தான். மின்கலம் சிஆர்2 வகையானால் மாற்று ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். யுஎஸ்பி வழியே மின்னேற்றும் வகையானால், குளிரில் சோர்ந்துவிடாமல் உடம்போடு ஒட்டினாற்போல வைத்திருக்கவேண்டும்.

இனி இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது. மான் வந்த பிறகு ரேஞ்ச்ஃபைண்டரைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறவர் பாதி வாய்ப்பை இழந்துவிட்டார். கையைத் தூக்கவேண்டும், அளக்கவேண்டும், தாழ்த்தவேண்டும், நாணை இழுக்கவேண்டும். இருபது கஜத்தில் இத்தனை அசைவையும் பொறுத்துக்கொள்கிற மானை நான் பார்த்ததில்லை. பரணில் ஏறி உட்கார்ந்ததும், வெளிச்சம் வந்தவுடன் நான் செய்கிற முதல் வேலை சுற்றிலும் அளந்துவைப்பது. இடதுபுறம் பிளந்த ஓக் 18. விழுந்து கிடக்கும் மரத்தின் வேர்க்கட்டை 24. ஓடைக்கரைப் பாறை 31. மான்தடம் ஓடையைக் கடக்கும் இடம் 27. நிற்கும் மரங்களை அளக்கும்போது அவற்றின் அடியை அளக்காமல், என் கண்மட்டத்தில் இருக்கும் தண்டை அளப்பேன். கிடைமட்டத் தொலைவு நேராகவே கிடைத்துவிடும், எந்தத் திருத்த வசதியும் தேவையில்லை. இப்படி நாலைந்து எண்ணை மனப்பாடம் செய்தபின் கருவி பைக்குப் போய்விடும். மான் வந்து பிளந்த ஓக்குக்கும் வேர்க்கட்டைக்கும் நடுவே நின்றால் 21, தீர்ந்தது. இந்த வேலைக்கு எந்த மலிவுக் கருவியும் போதும். அசையாத மரத்தை அளக்க அவசரம் எதுவும் இல்லை.

கோடையில் இதன் இன்னொரு பாதி. எங்கே நடந்தாலும், ஒரு பொருளைப் பார்த்து முதலில் வாயால் தொலைவைச் சொல்லிவிட்டு, பிறகு அளப்பது. கண் எந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்பது சீக்கிரமே புரிந்துவிடும். பள்ளத்தின் குறுக்கே பார்த்தால் ஒரு விதமாகவும், இருண்ட காட்டுக்குள் பார்த்தால் வேறு விதமாகவும் ஏமாறும். விலங்கு வடிவப் பொம்மைகளைக் காட்டுக்குள் நிறுத்தி நடத்தும் 3டி போட்டிகளில் தொலைவு சொல்லாத பிரிவும் உண்டு. கருவிக்கு அங்கே அனுமதி இல்லை, கண்ணுக்கு நல்ல பயிற்சி. இன்னொரு முனையில், 2018இல் கார்மின் வெளியிட்ட ஸீரோ போன்ற சாதனங்கள் வில்லிலேயே அமர்ந்து தொலைவை அளந்து, பின்னையும் தாமே காட்டிவிடுகின்றன. பெரும் விலை. வில்லில் மின்னணுக் கருவி பொருத்துவதைச் சில மாநிலங்கள் தடுக்கின்றன. இஷி என்ற பழங்குடி மனிதரிடம் வில்வித்தை கற்ற சாக்ஸ்டன் போப் பெயரைத் தாங்கிய போப் அண்ட் யங் என்னும் வில்வேட்டைக் கழகத்துக்கும் அது உவப்பானதல்ல. கையில் பிடிக்கும் ரேஞ்ச்ஃபைண்டருக்கு அவர்கள் தடை சொல்வதில்லை. எனக்கும் அந்தக் கோடு சரியாகவே படுகிறது.

தொலைவு துல்லியமாகத் தெரிந்துவிட்டது என்பதற்காக எய்துவிடவும் கூடாது. நாண் ஒலி 30 கஜத்தில் நிற்கும் மானை நொடியின் பன்னிரண்டில் ஒரு பங்கில் எட்டிவிடும். அம்பு போய்ச்சேர மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஆகும். இடைப்பட்ட கால்நொடியில், மிரண்ட மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. 300 டாலர் கருவியும் 45 கஜம் என்று சரியாகச் சொல்லும், மான் அங்கேயே நிற்கும் என்று சொல்லாது.

அதனால் அந்தத் தம்பிகளுக்கு நான் சொல்வது: ஒளிரும் திரை, புதரைத் தாண்டி அளக்கும் வசதி, மலையானால் சரிவுத் திருத்தம். இவை உள்ளதாக 150 டாலரை ஒட்டி ஒன்று வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் முதலில் பரணுக்கான முழு உடல் பாதுகாப்புப் பட்டையும், ஏறும்போதே மாட்டிக்கொள்ளும் உயிர்க்கயிறும். அதற்குப் பிறகும் காசு இருந்தால், அம்புகள்.