அம்மாவை நிற்க வைத்த தங்கச்சிக்கு

அன்புள்ள பிசியோ தங்கச்சிக்கு,

முட்டி மாற்றிய டாக்டரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டோம். எங்கள் வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்கு வண்டியைக் கிளப்பிவிடும் உங்களிடம் நின்று பேச வாய்த்ததில்லை. அதனால்தான் ஊரறிய இந்த மடல்.

ஆபரேஷனோடு வலி போனது. நடை வரவில்லை. அன்னூர்ப் பக்கம் காடுகரையில் உழைத்த அம்மா, வாசப்படி தாண்டவே பயந்தார். தேய்ந்த எலும்பைச் செதுக்கி உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்தும்போது, உள்ளே இருக்கும் ஒரு தசைநாரையும் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் நரம்பு முனைகளில் ஒரு பங்கு அதோடு போய்விடுகிறது. வருஷக்கணக்கில் வலிக்குப் பயந்து ஊன்றாததில் தொடைச் சதையும் சூம்பிப்போயிருந்தது. இதை எங்களுக்கு விளங்கச் சொன்னது நீங்கள்தான்.

பார்க்க வந்த சொந்தபந்தமெல்லாம் “எவ்வளவு மடங்குது?” என்றே கேட்டார்கள். நீங்கள் மட்டும் ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்த்தீர்கள்.

ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த அம்மாவை முதலில் இரண்டு விரலுக்கு, பிறகு ஒரு விரலுக்குக் கொண்டுவந்தீர்கள். “இப்பக் கண்ண மூடுங்கம்மா, நானிருக்கறனுங்” என்றபோது உடம்பு ஆடியது. உங்கள் கை முதுகுக்குப் பின்னால், படாமல், தயாராக இருந்தது. முட்டி சொல்லாத சேதியைக் கண் ஈடுகட்டுகிறது, முகம் கழுவக் கண்ணை மூடும்போது அதுவும் போய்விடும் என்றீர்கள். அன்றிலிருந்து அம்மா தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டே முகம் கழுவினார்.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்சவிலை வைத்தது. பரவலாகப் பொருத்தும் கோபால்ட் குரோமியம் வகைக்கு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய். அதன் பிறகுதான் எங்களைப் போன்ற குடியானவர்கள் துணிந்தோம். ஆனால் அந்த விலைக்குள் நிற்கும் பயிற்சி அடங்காது. கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய்வரும் நிலையிலும் அம்மா இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ உங்களை எங்கள் திண்ணைக்கே அனுப்பியது. ஒரு திட்டம் நல்லதா என்பதை நான் இப்படித்தான் எடைபோடுவேன்: நடக்க முடியாதவரிடம் அது நடந்து வந்ததா?

இப்போது அம்மா கைத்தாங்கல் இல்லாமல் எழுந்து, கட்டுத்தரை வரை போய், மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிறார். குறுக்கே கிடக்கும் ஓஸ் பைப்பைக் காலைத் தூக்கிக் கடக்கிறார். விழுந்தால் இடுப்பெலும்பு போகும் வயதில் இது எங்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குத் தெரியும்.

வலது முட்டிக்கும் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்தப் புள்ளையே வருமா?”

உங்கள் அண்ணன்