முழுக்கைச் சட்டை

சித்திரையிலும் எனக்கு முழுக்கைச் சட்டைதான். சொரியாசிஸ். படை இருக்குமிடத்தில் அவ்வளவாக வியர்ப்பதில்லை. சுரப்பியின் வாயைச் செதில் அடைத்துவிடுகிறது. யாராவது உற்றுப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும். வெட்கம் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன்.

டாக்டர் நிமிஷத்துக்கு 6 தடவை ஆழமாக மூச்சுவிடச் சொல்லி ஈ.சி.ஜி. எடுத்தார். இழுக்கையில் துடிப்பு விரைந்து, விடுகையில் தணிய வேண்டும். எனக்கு அதிகம் தணியவில்லை. தணிப்பது வேகஸ் நரம்பு. இந்நோயாளிகளிடம் இந்த ஏற்ற இறக்கம் குறைந்திருப்பதைச் சில ஆய்வுகளும் கண்டிருக்கின்றன. அழற்சியாலா, பதற்றத்தாலா என்பது தீரவில்லை. தன்னியக்க நரம்பு மண்டலம் என்கிறார்கள். இதில் 'தன்' யார்? என்னைக் கேட்டு அது எதுவும் செய்ததில்லை.

காட்டுப்பள்ளி பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததில் சட்டைக்கை ஏறிவிட்டது. மீன்கூடைக்காரம்மாள் முழங்கையைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். "வெட்பாலை எண்ணெய் போடு தம்பி." 2010இல் தொடங்கிய கடல்நீர்க் குடிநீர் ஆலை வந்துவிட்டது. இறங்கினேன். அப்போதும் படபடத்துக்கொண்டுதான் இருந்தது.