ஒரு மிடறு நீர்

முதியோர் இல்லத்தில் இருக்கும் உறவினரைக் காணச் செல்லும் நம்மவர் வெறுங்கையுடன் செல்வதில்லை. நோன்புக் கஞ்சியோ, பேரீச்சம்பழமோ, ஹஜ்ஜிலிருந்து வந்த ஸம்ஸம் நீரோ கையில் இருக்கும். அதை நம் கையாலேயே ஊட்டிவிட்டால்தான் மனம் நிறையும். விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கு அந்த அன்பே ஆபத்தாகக்கூடும் என்பதைப் பெரியம்மாவின் நோய்தான் எங்கள் குடும்பத்துக்கு உணர்த்தியது.

பக்கவாதத்திற்குப் பின் இரவும் பகலும் செவிலியர் துணை தேவைப்பட்டதால் அவரை இல்லத்தில் சேர்த்தோம். (ஊரார் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை.) நீர் அருந்தினாலே இருமல், குரலும் ஈரம்பட்டதுபோல் கரகரக்கும். விழுங்கும் கணத்தில் குரல்வளை மேலெழுந்து மூச்சுக்குழல் மூடிக்கொள்ள வேண்டும். அவருக்கு அது தாமதமாயிற்று. வழிதவறிய நீர் நுரையீரலை அடைந்தால் நிமோனியா வரலாம். சிலருக்கு இருமலே இன்றியும் இது நிகழும் என்று சிகிச்சையாளர் சொன்ன இரவு நாங்கள் உறங்கவில்லை.

அவர் கற்பித்த பயிற்சிகள் எளியவை. நாவை மேலண்ணத்தில் அழுத்திப் பிடித்தல், சுருட்டிய துண்டை மோவாய்க்கடியில் வைத்து அழுத்துதல், உமிழ்நீரை முழு வலுவுடன் விழுங்குதல். மற்றொன்று, ஜப்பானிய முதியோர் இல்லங்களில் உணவுக்கு முன் செய்வது: 'பா, தா, கா, ரா' என்று உரக்கச் சொல்லுதல். முதலெழுத்துக்கு உதடுகள் மூடும். அடுத்ததற்கு நுனிநா மேலே தொடும். மூன்றாவதற்கு அடிநா எழும். கடைசிக்கு நா சுருளும். உணவை வாயில் அடக்கி, உருட்டி, பின்னே தள்ளும் தசைகளும் இவையே.

நாற்பது ஆண்டுகள் தெருப்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த பெரியம்மா, கோணிய வாயால் சிரித்தார். "இது மக்ரஜ்தானம்மா! எனக்கா சொல்லித்தருகிறாய்?" அன்றுமுதல் அவ்வறையில் உஸ்தாத் யார் என்பதே ஐயமாயிற்று. அடுத்த கட்டில் மூதாட்டியின் 'கா' அடிநாவிலிருந்து எழவில்லை என்று கண்டிப்பார்.

ஸம்ஸம்தான் சிக்கலாயிற்று. தண்ணீரைக் கெட்டிப்படுத்தும் தூளைக் கலந்தே எதையும் அருந்தத் தர வேண்டும். "ஸம்ஸமில் மாவைக் கரைப்பதா?" என்று மாமி கலங்கினார். ஒரு மிடறு அப்படியே கொடுத்தால் என்ன என்றும் கேட்டார். வாக்குவாதம் முற்றியபோது பெரியம்மாவே குறுக்கிட்டார்: "கலக்கிக் கொடு. போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரட்டும்."

ஊட்டச் செல்வோர் முதலில் அங்குள்ள செவிலியரிடம் கேளுங்கள். முதியவரை நிமிர்த்தி அமர்த்தி, சிறு கரண்டியால், ஒன்றை விழுங்கியபின் அடுத்ததைக் கொடுங்கள். அவ்வேளையில் பேச்சுக் கொடுக்காதீர்கள். உண்டபின் அரைமணி நேரம் படுக்கவிட வேண்டாம். வாயைத் தூய்மையாக வைத்திருப்பதும் நிமோனியாவைத் தடுக்க உதவும். மிஸ்வாக்கின் அருமை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பயிற்சிகளை மட்டும் நாமாகத் தேர்ந்தெடுக்கலாகாது. படுத்தபடி தலையைத் தூக்கும் பயிற்சி சிலருக்கு நற்பயன் தரும். கழுத்து நோயுள்ளவருக்கோ தீங்கு செய்யும்.

பெரியம்மா இப்போது மசித்த கஞ்சியில் ஆறு கரண்டி உண்கிறார். வெறும் நீருக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.