அடிச்சுரம்

நானா டுபாய்க்குப் போகும்போது ஒலிபெருக்கியை விற்றுவிட்டார். பேஸ் கிட்டாரை விற்க மட்டும் மனம் வரவில்லை. கந்தப்பளைக் குளிரில் நான் அதன் தலையை மர அலுமாரியோடு அழுத்திப் பிடிப்பேன். பலகையே அதிர்ந்து ஒலிக்கும். உம்மா கேட்டும் கேட்காதவர்போல் இருப்பார்.

ஈ, ஏ, டி, ஜி என நான்கு தந்திகள். தடித்த ஈ தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிரும். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அது எடுபடாது, இயர்போன் வேண்டும். அடியில் ஓடும் சுரத்தை முதலில் முணுமுணுத்துப் பிடித்து, பிறகு தந்தியில் தேடுவேன். அகப்படும் சுரமே கோர்ட்டின் பெயர் என்று நம்பியிருந்தேன். இளையராஜாவின் பாடல்களிலோ பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். அங்கேதான் அதிகம் தடுக்கி விழுந்தேன்.

ஒரு பாட்டில் அது சி, பி, ஏ என்று இறங்கியது. அப்படியே மூன்று கோர்ட்டுகளாக எழுதி நானாவுக்கு அனுப்பினேன். இரவு அழைத்தார்.

“நடுவில வாறது பி இல்ல, ஜி. ஜி கோர்ட்டுக்குள்ள ஜி, பி, டி மூணும் இருக்கு. பேஸ் அதில பியைப் பிடிச்சிருக்கு. மேல என்ன போகுதெண்டும் கேளு.”

கையில் கிட்டார் இல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்.

“வேலை எப்படி நானா?”

“நல்லம்.”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. தடித்த தந்தியில் வாசித்தால் தொலைபேசியில் போகாது. ஜி தந்தியில் ஐந்தாவது கட்டையிலிருந்து மெல்ல இறங்கினேன்.

“கேட்குதா?”

“கேட்குது. இன்னொருக்கா வாசி.”