மண்ணடியில் இருந்த சீசாக்கள்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் நோக்கி வரும் மின்சார இரயில், குரோம்பேட்டையை அடுத்து ஒரு நிலையத்தில் நிற்கின்றது. தாம்பரம் சானடோரியம் என்பது அதன் பெயர். நாள்தோறும் எத்தனையோ பேர் அப்பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குகின்றனர். அச்சொல்லின் பொருள் யாதென்று நம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒருமுறை வினவினோம். "அது ஒரு ஸ்டாப்பிங், ஃபாதர்" என்றான் ஒரு சிறுவன். வகுப்பு முழுவதும் அவனோடு உடன்பட்டது.

இந்தத் தென் புறநகர்ப் பகுதி, தோண்டியவரைப் பெரும்பாலும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. 1547ஆம் ஆண்டில் பரங்கிமலை உச்சியில் கோவில் எழுப்பப் போர்த்துக்கீசியர் அடித்தளம் தோண்டியபோதுதான், பஃலவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை வெளிப்பட்டது. இன்றும் அதன் முன்னே நாம் முழந்தாளிடுகின்றோம். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் படைப்பயிற்சித் திடலருகே சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலார் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே முதற்சான்றாயிற்று. நாம் கூற வந்த பொருள் அத்துணைத் தொன்மை வாய்ந்ததன்று. எண்பது ஆண்டுப் பழமையே உடையது. ஒரு குழி நிறைந்த கண்ணாடிச் சீசாக்கள், அவ்வளவே.

நம் பங்குக் குடும்பத்தார் ஒருவர், சானடோரியத்துக்கு அண்மையிலிருந்த தம் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, மாடி வீடு கட்ட முற்பட்டனர். திண்ணையும், கிணறும், கொல்லையில் ஒரு முதிர்ந்த வேம்பும் கொண்ட வீடு அது. கடைக்கால் மந்திரிக்க நம்மை அழைத்திருந்தனர். பீடச் சிறுவர் மூவருடன் சென்றோம். செபம் முடிந்து, தீர்த்தம் தெளித்து, காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், கொல்லைப் பக்கத்திலிருந்து தொழிலாளி ஒருவர் குரல் கொடுத்தார். வேம்பின் அருகே, ஏறத்தாழ நான்கடி ஆழத்தில், அவருடைய கடப்பாரை கண்ணாடியில் பட்டிருந்தது.

மேல்மண்ணில் கிடைத்தவை சாதாரணமானவை. உடைந்த ஓடு, பீங்கான் துண்டு, மைக்கூடு ஒன்று, கோலி சோடாப் புட்டியின் கழுத்து ஒன்று. ஐராம் காட் என்னும் ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் உரிமம் பெற்ற புட்டி அது. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள இரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடிவிடும். தக்கையே வேண்டாத அந்தச் சூழ்ச்சி அதைப் பிறப்பித்த நாட்டில் மறைந்து, நம் நாட்டுப் பெட்டிக்கடைகளில் நிலைத்தது. நாம் கண்ட கழுத்தில் கோலி இல்லை. கோலிக்காகவே புட்டியை உடைக்கும் சிறுவர் அக்காலத்திலும் இருந்திருக்கின்றனர் போலும்.

அதற்கும் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு படலம் தென்பட்டது. "சுண்ணாம்பு கொட்டியிருக்காங்க சாமி" என்றார் மேஸ்திரி. அதற்கடியில் சீசாக்கள் அடுக்கினாற்போல் கிடந்தன. பக்கத்தில் வேளை அளவுக் கோடுகள் புடைத்த மருந்துச் சீசாக்கள். விளிம்பெல்லாம் வரிவரியாகச் சொரசொரத்த ஒரு நீலச் சீசா. இருட்டில் கை தடவினாலும் இது உட்கொள்ளத் தகாதது என உணர்த்தவே, நச்சு மருந்துகளை அத்தகைய சீசாக்களில் அடைப்பது அக்கால வழக்கம். இவற்றோடு ஒரு கண்ணாடித் தம்ளரும், எனாமல் தட்டு ஒன்றும் இருந்தன.

சீசாவின் வயதை அறிய ஓர் எளிய வழி உண்டு. பக்கவாட்டில் ஓடும் அச்சுத் தழும்பைப் பாருங்கள். அது கழுத்தோடு நின்றுவிட்டால், வாய்ப்பகுதியைக் கையால் முடித்த பழைய சீசா. வாய் விளிம்பு வரை ஏறிச் சென்றால், 1903இல் மைக்கேல் ஓவன்ஸ் என்னும் அமெரிக்கர் முழுமையாக்கிய தானியங்கிப் பொறிக்குப் பிற்பட்ட காலத்தது. நம் குழியில் இருந்தவை யாவற்றிலும் தழும்பு விளிம்பை எட்டியிருந்தது. எனவே அவை மிகப் பழையவை அல்ல. இதனைச் சிறுவர்க்கு விளக்கும் ஆர்வத்தில் நம் வயதையும் மறந்து குழியருகே குந்தியிருந்தோம்.

ஆயினும் ஓர் ஐயம் நம்மை விட்டகலவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய குப்பை மேடுகளையும் கழிவுக் குழிகளையும் தோண்டிச் சீசா எடுப்பதையே பொழுதுபோக்காய்க் கொண்டவர் பலர். அங்கே சீசாக்களைத் தூக்கி எறிந்தனர், ஆதலால் கிடைக்கின்றன. நம் வீடுகளில் எவர் எறிந்தார்? மண்ணெண்ணெய்க்கு ஒன்று, நல்லெண்ணெய்க்கு ஒன்று, கோவில் தீர்த்தத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சியதைக் காயலான் கடைக்குப் போட்டுக் காசாக்குவோம். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்றும் பழஞ்சீசாவுக்கு விலை உண்டு. இவ்வாறிருக்க, உடையாத இருபதுக்கு மேற்பட்ட சீசாக்களை ஒரு தமிழ்க் குடும்பம் நான்கடி ஆழத்தில் புதைத்துச் சுண்ணாம்பும் கொட்டுவானேன்?

இவ்வாறு நாம் எண்ணிக்கொண்டிருக்கையில், வேப்பமர நிழலில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்த அவ்வீட்டு மூதாட்டி நம்மை அழைத்தார். எண்பத்தெட்டு வயதினர். குழியருகே அவர் வரவேயில்லை. "சாமி, மீன் தூக்கின ஆள் போட்ட சீசா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க" என்றார்.

சிறுவருள் ஒருவன் குழியில் இறங்கித் துழாவினான். எடுத்துக் கொணர்ந்தான். முதுகில் பெரிய மீனொன்றைச் சுமந்து நிற்கும் மனிதனின் உருவம் கண்ணாடியில் புடைத்திருந்தது. ஸ்காட்ஸ் எமல்ஷன் எனும் மீனெண்ணெய் மருந்தின் சீசா. "இது புனித பேதுருவா, ஃபாதர்?" என்று அவன் கேட்டபோதுதான், அவன் பெருவிரலிலிருந்து குருதி வழிவதைக் கண்டோம். கையுறையின்றி, உடைந்த கண்ணாடி நிறைந்த குழியில் ஒரு பிள்ளையை இறங்கவிட்டது முற்றிலும் நம் பிழை. உடனே அழைத்துச் சென்று காயத்துக்குக் கட்டுப்போட்டு, டி.டி. ஊசியும் போடச் செய்தோம். மாலையில் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். மூதாட்டி காத்திருந்தார்.

அவர் கூறியதை, அவர் இசைவு பெற்றே இங்கு எழுதுகின்றோம். 1945ஆம் ஆண்டு அவருக்கு எட்டு வயது. பதினேழு வயது அக்காவுக்கு எலும்புருக்கி நோய் கண்டிருந்தது. சானடோரியத்தின் அருகிலேனும் இருப்போம், நல்ல காற்றேனும் கிட்டும் என்றே தந்தையார் இவ்வீட்டுக்குக் குடிவந்தார். அந்தச் சானடோரியத்தை 1928இல் நிறுவியவர் மருத்துவர் சௌரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்தியவர் அவர். கணிதமேதை இராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றதுண்டு. 1937இல் அரசு அதனை ஏற்றது. திறந்த வெளிக்காற்று, ஓய்வு, பால், முட்டை, மீனெண்ணெய் ஆகியவற்றையே பெரும்பாலும் நம்பியிருந்த காலம் அது. ஸ்டிரெப்டோமைசின் 1943இலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தும், அது இத்தெருவை எட்டவில்லை.

அக்கா இறந்தாள். அன்றிரவு தந்தையார் தனியே கொல்லையில் குழி தோண்டி, அவள் உண்ட தட்டு, குடித்த தம்ளர், மருந்துச் சீசாக்கள் அனைத்தையும் இட்டு மூடினார். சன்னல் வழியே சிறுமி பார்த்திருந்தாள். தெருவுக்குக் காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. மணமாகவேண்டிய பெண்கள் இன்னும் இருவர் அவ்வீட்டில் இருந்தனர். பின்னர் நம் அடக்கப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். அங்கும் காய்ச்சல் என்றே எழுதப்பட்டிருக்கின்றது.

"யார் கேட்டாலும் காய்ச்சல்னே சொன்னேன் சாமி. என் வீட்டுக்காரர்கிட்டயும் அதான் சொன்னேன். பாவமா?"

எட்டு வயதுக் குழந்தையின் தலையில் வைக்கப்பட்ட சுமையைப் பாவமென்று கொள்ளவேண்டாம் என்றோம். தந்தையார் அஞ்சியதிலும் வியப்பில்லை, அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம் என்றும் சொன்னோம். அவர் தலையசைத்தார். "அப்பாவுக்கு வருஷா வருஷம் வெக்கிறேன். அக்கா பேருக்குத்தான் ஒரு தடவைகூட வெச்சதில்ல. பேரை வாசிச்சா, எப்படிச் செத்துதுன்னு யாராவது கேப்பாங்களேன்னு."

செய்தி மறுநாள் காலைக்குள் பங்கெங்கும் பரவிற்று. விரல் கிழிந்த சிறுவனின் தாய் நம் அறை வாயிலில் நின்று அழுதார். உண்மையில் நமக்கும் அன்றிரவு உறக்கமில்லை. மருத்துவர் ஒருவரிடம் சிறுவனை அழைத்துச் சென்றோம். காசநோய் மூச்சுக்காற்றின் வழியே தொற்றுவது, எண்பதாண்டு மண்ணில் கிடந்த சீசாவில் அக்கிருமி உயிரோடிராது, விரலில் பட்ட கண்ணாடிதான் ஆபத்து என்று அவர் தெளிவுபடுத்தினார். நம்மையும் இரண்டு வார்த்தை கடிந்துகொண்டார். ஏற்றுக்கொண்டோம்.

சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையத்தினர், நோயாளி வீட்டிலிருந்தே மாத்திரை உட்கொண்டாலும் சானடோரியத்தில் கிடந்து பெறும் அதே பயன் கிட்டும் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டினர். நம் சென்னையில் நடந்த ஆய்வு அது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அது வழிகோலிற்று. இன்று மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். பெரும்பாலோர்க்கு ஆறு திங்களில் நோய் நீங்கும். ஆயினும் இதே பங்கில் ஓர் இளந்தாய் தம் மாத்திரைப் பட்டைகளைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்திருந்ததை நாம் அறிவோம். மாமியார் வீட்டார் அறிந்தால் என்ன நேருமோ என்ற அச்சமே காரணம். இக்கட்டுரையை எழுதத் துணிந்தது அவர் பொருட்டே.

நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் நினைவுத் திருப்பலியில் அக்காவின் பெயரை வாசித்தோம். மூதாட்டி பேரப்பிள்ளைகள் கைப்பிடிக்க வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். எப்படி இறந்தார் என்று வெளியே எவரோ வினவ, "டி.பி." என்று அவரே விடையிறுத்ததாகக் கேள்வியுற்றோம். பதிவேட்டை நாம் திருத்தவில்லை. அதற்குரிய முறைகள் வேறு.

மீன் சுமந்த மனிதனை மூதாட்டி தம்மிடமே வைத்துக்கொண்டார். எஞ்சிய சீசாக்களை, குடும்பத்தார் சம்மதத்தோடு, அவற்றைத் தோண்டியெடுத்த தொழிலாளியே கழுவி எடுத்துச் சென்றார். சில வாரங்கள் கழித்து, தலைவெள்ளிப் பூசை முடிந்து பல்லாவரத்துச் சந்தை வழியே வருகையில், பழைய கடிகாரங்களுக்கும் மின்விசிறி இறக்கைகளுக்கும் நடுவே அந்த வரிபோட்ட நீலச் சீசாவைக் கண்டோம். விலை முந்நூறு ரூபாய் என்றார் கடைக்காரர். எங்கே கிடைத்தது என்று கேட்டோம்.

"வெள்ளைக்கார துரை பங்களாவுல எடுத்தது சார். சென்ட் வெச்சிருந்த பாட்டில்."

நாம் மறுத்துரைக்கவில்லை. நூறு ரூபாய்க்குக் கேட்டுப் பார்த்தோம். படியவில்லை.